அறுபத்திரண்டு பிரேம்

"கை நீட்டுற புள்ளைய எவன் மாமா கட்டுவான்?" என்று கீழே டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது மாடிப்படி ஏறும்போது காதில் விழுந்தது. நான் நின்று கேட்கிறவளும் இல்லை, திரும்பிப் பார்க்கிறவளும் இல்லை. துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு படிகளைப் பார்த்தே ஏறிவிடுகிறவள். ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். நான்கு நாளாக ஊரில் எல்லோர் போனிலும் அவள்தான். தனலெட்சுமி. ஒன்பதாம் நம்பர் பனியன். கபடிப் போட்டியில் ஜெயித்த பெண்கள் அணியின் கேப்டன். மெடல் போட்ட ராஜமாணிக்கத்தை, கபடிக் கழகத் தலைவரை, அரிசி ஆலைக்காரரை, அறுபது வயது மனிதரை, மேடையில் வைத்து நெஞ்சில் கை கொடுத்துத் தள்ளியவள். கூட்டத்திலிருந்து யாரோ செல்போனில் எடுத்த பதினொரு வினாடி. அதன் கீழே 'இதுதான் நன்றியா' என்று எவனோ எழுதிவிட, அது என் அம்மாவுக்கே மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. அம்மா மூன்று முறையும் பார்த்துவிட்டு, "வளத்தவளச் சொல்லணும்" என்றாள். கை நீட்டுகிற பிள்ளை. கை நீட்டுவது என்றால் அடிப்பது. பிச்சை கேட்பதும் கை நீட்டுவதுதான், லஞ்சம் வாங்குவதும் கை நீட்டுவதுதான். மேடையில் முதலில் கையை நீட்டியது யார் என்று அந்த மாமாவோ மாப்பிள்ளையோ கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. படியேறி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டேன்.

ஸ்டுடியோ முதலாளி பாஸ்கர் அண்ணன் பைக் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜை டிராயரைப் பார்த்துச் சொன்னார். "சிந்து, அந்த செல்போன் கிளிப் அனுப்பியிருக்கேன். அவ கையத் தூக்குற எடத்துலேர்ந்து ஸ்பீட இருபது பர்சன்ட்டாக் கொறச்சிரு. அதுக்கு முன்னாடி இருக்குறது வேணாம், வெட்டிரு. அவ மூஞ்சிக்கு ஜூம் மெதுவா போய்க்கிட்டே இருக்கணும். ஒரு மணிக்கு பென்டிரைவ்ல வேணும். மூணு மணிக்கு கழகத்துல மீட்டிங், செவுத்துல போட்டுக் காட்டப் போறாங்களாம்." சாவி கிடைத்தது. படியில் இறங்கியவர் பாதியில் நின்று, "அப்பறம் அந்தப் பரிசளிப்பு ரஷ் இருக்குல்ல, இம்தியாஸ் சொதப்புனது, சவுண்டே இல்லாம. அத அழிச்சிரு. டிஸ்க்குல எடம் பத்தல" என்றார். நான் "ம்" என்றேன். எனக்கு இந்த ஸ்டுடியோவில் இரண்டு வருஷம் முடியப் போகிறது. இரண்டு வருஷத்தில் நான் சொன்னதை எல்லாம் சேர்த்தால் பெரும்பாலும் 'ம்'தான் இருக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று அவரைவிட எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் காலி. இடம் இல்லை என்று ஏன் சொன்னார் என்று அந்த நிமிஷம் யோசிக்கவில்லை, 'ம்' சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். மூன்று மணிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மாவட்டத்துக்கு அனுப்பினால் அவளுக்கு இரண்டு வருஷத் தடை. மாநில அணிக்கு ஆள் எடுப்பது அடுத்த வாரம். இதுவும் அம்மா போனில் வந்ததுதான், சிரிக்கிற பொம்மைகளோடு வந்தது. ஆக, அவளுடைய இரண்டு வருஷம் இப்போது என் டைம்லைனில் ஒரு பச்சைப் பட்டையாகக் கிடக்கிறது, நான் அதை எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது.

வெட்டுகிறேன். அவள் கை எழுகிற இடம். அதற்கு முன்னால் இருக்கிற ஆறு வினாடியும் போகிறது. அதிலும் ஒன்றும் பெரிதாக இல்லை, ராஜமாணிக்கத்தின் வெள்ளைச் சட்டை முதுகுதான் முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கிறது, செல்போன்காரன் அவருக்குப் பின்பக்கம் நின்றிருக்கிறான். முதுகு, அதன் ஓரத்தில் அவள் முகம் பாதி, பிறகு ஒரு கை, பிறகு முதுகு பின்னால் சாய்கிறது. கை எழுவதிலிருந்து அவர் முழுக்கச் சாய்கிற வரைக்கும் ஒன்பது பிரேம். இருபது சதவீதத்துக்கு இழுக்கிறேன். ஒன்பதை நாற்பத்தைந்தாக நீட்டினால் நடுவில் ஒன்றும் இருக்காது, படம் திக்கித் திக்கி நிற்கும், அதனால் அண்ணனுக்குப் பிடித்த அந்த வசதியைப் போடுகிறேன், இரண்டு பிரேமுக்கு நடுவே இல்லாததை மெஷினே வரைந்துகொள்ளும் வசதி. ஒன்பது உண்மை, முப்பத்தாறு பொய். ஓட்டிப் பார்க்கிறேன். வழவழவென்று வருகிறது. வெண்ணெய் மாதிரி வருகிறது என்பார் அண்ணன். அவள் கை தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப்போல வருகிறது, உதடு விரிகிறது, பல் தெரிகிறது, புருவம் இறங்கி மூக்கோடு சேர்கிறது. நிறுத்துகிறேன். இந்தப் புருவம் அவளுக்கு இல்லை. முந்தைய உண்மையான பிரேமுக்குப் போகிறேன், அதில் அவள் வாய் மூடியிருக்கிறது. அடுத்த உண்மையான பிரேமில் வாய் திறந்திருக்கிறது, பயந்தவள் மூச்சு இழுக்கும்போது திறக்கிற மாதிரி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற நான்கிலும் மெஷின் ஒரு முகத்தை வரைந்திருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முகம், ஒரு ராட்சசி முகம். அப்படி ஒரு முகம் அந்த மேடையில் ஒருபோதும் இருக்கவில்லை. அந்த முகத்துக்குத்தான் அண்ணன் மெதுவாக ஜூம் போகச் சொல்கிறார். நான் போடுகிறேன். என் விரல் போடுகிறது. விரலுக்கு வேலை தெரியும், அதுவாகவே இரண்டு புள்ளி வைத்து, நடுவில் வளைவு கொடுத்து, கடைசியில் கொஞ்சம் தளர்த்தி, அழகாகப் போடுகிறது. அழகாக வருகிறதே என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷம்கூட வருகிறது. சீ.

தாலி முடிச்சு நாற்பது. அட்சதை விழுவது முப்பது. மெட்டி போடும்போது பெண் சிரித்தால் இருபத்தைந்து, பெண் அழுதால் இருபது. இதுதான் எனக்கு இங்கே சொல்லித்தந்த வாய்ப்பாடு. பின்னால் நின்று கொட்டாவி விடுகிற மாமனாரை நூற்றைம்பதில் ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. "ஜனத்துக்குக் கண்ணு கெடையாது சிந்து, நாம எங்க மெதுவாக்குறமோ அங்கதான் அவங்களுக்குக் கண்ணு" என்று அண்ணன் முதல் வாரமே சொன்னார். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது, நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். எத்தனை கல்யாணம் செய்திருப்பேன். ஒரு பெண், போன தை மாசம், மாப்பிள்ளை தோளில் கை போட்டதும் உடம்பை இப்படிக் குறுக்கிக்கொண்டாள். ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடியை நான் எடுத்துவிட்டு, அதற்கு முன்னால் தோழியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கொண்டுவந்து ஒட்டி இருபத்தைந்தில் விட்டேன். வீட்டுக்காரர்கள் பார்த்து அழுதார்களாம் சந்தோஷத்தில். அந்தப் பெண் பார்த்தாளா? பார்த்திருப்பாள். தன் சிரிப்பைப் பார்த்து, ஓ அப்போது நான் சிரித்தேனா என்று நினைத்திருப்பாள். அவளுக்கே அவளை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு. ஏசி இல்லாத இந்த ரூமில், ஜன்னலில் அட்டை ஒட்டி இருட்டாக்கின இந்த ரூமில், கழுத்து வலிக்க உட்கார்ந்து ஊர்ப் பெண்கள் குறுகின இடத்தையெல்லாம் வெட்டி வெட்டிக் கீழே போட்டிருக்கிறேன். வெட்டினதெல்லாம் எங்கே போகும்? எங்கேயும் போகாது. டிஸ்க்கில் ஓர் ஓரத்தில் இருக்கும், யாராவது அழிக்கச் சொல்கிற வரைக்கும்.

அழிக்கச் சொன்ன ரஷ்ஷை, இன்னும் வெட்டி ஒட்டாத அந்த மூலப் படத்தை, தேடிப் போகிறேன். அழிக்கத்தான் போகிறேன். பரிசளிப்பு என்று இம்தியாஸ் பெயர் போட்டு வைத்திருக்கிறான், பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று. இம்தியாஸ் எங்கள் கேமராக்காரன். ரைடு போகிற பெண்கள் பாய்வதை எடுக்க வினாடிக்கு நூறு பிரேம் வைத்தான். மேடைக்கு வந்தபோது இருபத்தைந்துக்கு மாற்ற மறந்துவிட்டான். நூறில் எடுத்தால் எங்கள் கேமராவில் சத்தம் பதிவாகாது. தலைவர் பேச்சு, கைத்தட்டல், எல்லாம் ஊமை. அண்ணன் அன்றைக்கு அவனைத் திட்டின திட்டில் கீழே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதனால் இதை யாரும் திறக்கவே இல்லை. நானும்தான். அழிக்கிற பொத்தான் மேல் அம்பு நிற்கிறது. அழித்தால் திரும்ப வராது, சம்மதமா என்று கேட்கிறது. இந்த மெஷினுக்கு இருக்கிற மரியாதை பாருங்கள், கேட்கிறது. வேண்டாம் என்று தட்டிவிட்டு, ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று திறக்கிறேன்.

இம்தியாஸ் மேடையின் மறுபக்கம் நின்றிருக்கிறான். ராஜமாணிக்கத்தின் முதுகு இல்லை, முன்பக்கம். பத்துப் பெண்கள் வரிசை. எங்கள் ஊரில் பெண்கள் அணிக்கு மெடலைக் கையில்தான் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து டீச்சர் யாரையாவது மேலே கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். அது எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கும் ஒரு டீச்சர் மேலே வந்து நிற்கிறார், இதோ தெரிகிறார், பச்சைச் சேலை. ராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்து என்னவோ சொல்கிறார். சத்தம் இல்லை, ஆனால் நான் அன்றைக்குக் கீழே வயர் சுற்றிக்கொண்டிருந்தேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது: "நானே போடுறேன் டீச்சர், எல்லாம் நம்ம புள்ளைகதானே!" கூட்டம் கைதட்டியது. டீச்சர் சிரித்துக்கொண்டு பின்னால் போகிறார். நூறு பிரேமில் அந்தச் சிரிப்பு போவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது. முதல் பெண். ரிப்பன் தலை வழியாகக் கழுத்துக்கு இறங்குகிறது, கை கீழே வருகிறது, மெடலைச் சரி செய்கிறார். யாராவது மெடலைச் சரி செய்வார்களா? ஆண்கள் அணிக்குப் போட்டாரே, அப்போது சரி செய்தாரா? பின்னால் ஓட்டிப் பார்க்கிறேன். இல்லை. போட்டார், தோளில் தட்டினார், அடுத்தவன். பெண்களுக்குத்தான் மெடல் கோணிப் போகிறது. மூன்றாவது பெண் இரண்டு கையையும் கும்பிடுகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொள்கிறாள். ஐந்தாவது பெண் ஷீல்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஷீல்டை அவரே சிரித்துக்கொண்டு வாங்கிப் பக்கத்தில் கொடுக்கிறார். ஏழாவது பெண் ரொம்பச் சின்னப் பெண், பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருக்கும், ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கிறாள், பிறகு தெரிந்துகொள்கிறாள். அவள் முகத்தில் அது தெரிகிற இடத்தை நான் நிறுத்திப் பார்க்க முடியவில்லை, அப்படியே ஓட விடுகிறேன். எல்லோரும் வாயசைத்து ஒரே வார்த்தைதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தேங்க்ஸ் சார். தேங்க்ஸ் சார். தேங்க்ஸ் சார்.

நானும் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் கடைசி வருஷம், லேபில். சார் பின்னால் வந்து நின்று, நல்லாப் பண்றியேம்மா என்று முதுகில் கை வைத்தார். வைத்த கை வைத்த இடத்தில் இருக்கவில்லை. திரையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன், ஒரு பந்து குதிக்கிற அனிமேஷன், பதினெட்டாவது வரியில் தப்பு. அந்தத் தப்பை அவர் சுட்டிக்காட்டினார். கை எடுத்தார். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். எதற்கு? எதற்குடி தேங்க்ஸ்? ஐந்து வருஷமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல் விளக்கும்போது கேட்கிறேன், பஸ்ஸில் கேட்கிறேன். அவர் மேல் வருகிற கோபத்தைவிட அந்த வார்த்தை மேல் வருகிற கோபம் பெரிதாக இருக்கிறது. என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது. பாடம் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி என்றுதான் சொன்னேன், அந்தப் பதினெட்டாவது வரிக்குத்தான் சொன்னேன் என்று எத்தனை முறை எனக்கே விளக்கியிருக்கிறேன். அவர் காதில் அது எதற்கான நன்றியாக விழுந்திருக்கும்? அடுத்த வாரம் அவர் வேறு ஒருத்தியின் பின்னால் போய் நின்றார். நான் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் பார்க்கிறவள். சின்ன வயதிலிருந்தே இந்தப் பிள்ளை வாயே திறக்காது, ஆனால் எல்லாத்தையும் கவனிக்கும் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள், பாராட்டு மாதிரி. கவனித்து என்ன செய்தேன்? என் கீபோர்டைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது பெண் மெடலோடு திரும்பி வருகிறாள். பத்தாவதாக நிற்கிற கேப்டனைத் தாண்டும்போது அவள் உதடு அசைகிறது. ஊமைப் படம்தான், ஆனால் நூறு பிரேமில் உதடு ஒவ்வோர் எழுத்தாகத் திறக்கிறது. ஆறு முறை பார்க்கிறேன். 'தள்ளி நில்லுக்கா.' தனலெட்சுமி தலையை ஆட்டுகிறாள். தள்ளித்தான் நிற்கிறாள். அவர் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக் கிட்டே இழுக்கிறார், சிரித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து. ரிப்பன் அவள் தலை வழியாக இறங்குகிற பிரேமை ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றாக அம்பை அழுத்திப் போகிறேன். பதினான்கில் கை ரிப்பனை விடுகிறது. இருபதில் மெடல் மேல் இருக்கிறது. இருபத்தேழில் மெடல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மெடல் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது. முப்பத்தைந்து. கட்டைவிரல். நாற்பது. போ, எடு, இப்போதாவது எடு என்று நான் வாய்விட்டுச் சொல்கிறேன், இந்த ரூமில் யாரும் இல்லை. நாற்பத்தெட்டு வரைக்கும் எடுக்கவில்லை. நாற்பத்தொன்பதில் அவள் கண் கீழே பார்க்கிறது. ஐம்பத்து மூன்றில் அவள் கை எழுகிறது. அறுபத்திரண்டில் அவர் பின்னால் சாய ஆரம்பிக்கிறார். அறுபத்திரண்டு பிரேம். அரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே. இதில் மெஷின் வரைந்தது ஒன்றுகூட இல்லை, அறுபத்திரண்டும் லென்ஸ் வழியாக வந்தது, இம்தியாஸ் மறதி உபயம். இருபத்தைந்தில் எடுத்திருந்தால் கலங்கலாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்திருக்கும், கை என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் முகத்தைப் பார்க்கிறேன். பல்லைக் கடிக்கவில்லை. புருவம் இறங்கவில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டவள் முகம், அவ்வளவுதான்.

"என்ன சிந்து, காலையிலேர்ந்து மூஞ்சி ரெண்டர் ஆகிக்கிட்டே இருக்கு?" இம்தியாஸ் பொட்டலத்தோடு உள்ளே வருகிறான். காதுகுத்துக்குப் போக பேட்டரி எடுக்க வந்திருக்கிறான். "இந்தா, பன். பட்டர் எக்ஸ்ட்ரா போடச் சொன்னேன், பேசாம இருக்குறவங்களுக்கு சக்தி சேமிப்பு அதிகம், இருந்தாலும் சாப்புடு." நான் திரையை மறைக்கவில்லை. மறைக்கத்தான் கை போனது, மறைக்கவில்லை. "இம்தியாஸ், இது நூறுல இருக்கு." "தாயே, அத ஏன் ஞாபகப்படுத்துற? அண்ணன் திட்டுனதுல எனக்கே நூறு பிரேம்ல அழுக வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே குனிந்தவன், திரையைப் பார்க்கிறான். நாற்பதாவது பிரேம் நிற்கிறது. சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. "நீங்க எடுத்ததுதான்" என்கிறேன். "நான் போகஸ் பாத்துக்கிட்டு இருந்தேன் சிந்து." "எதுல?" அவன் நிமிர்கிறான். பேட்டரியை எடுத்து இரண்டு முறை பைக்குள் வைக்கிறான். "மெடல்ல" என்கிறான் பிறகு. வாசலில் நின்றுகொண்டு, "எனக்கும் ரெண்டு தங்கச்சி இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். அதை ஏன் சொன்னான்? தங்கச்சி இல்லாதவனுக்குக் கண் தெரியாதா? பத்துப் பெண்கள் நின்றார்களே, அந்தப் பத்துப் பேர் போதாதா, இவன் வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினால்தான் அது தப்பாகுமா? பன்னைத் தூக்கி ஜன்னல் அட்டை மேல் எறிகிறேன். பட்டர் ஒட்டிக்கொள்கிறது. எழுந்து போய்த் துணியால் துடைக்கிறேன். எறிந்தவளே துடைக்கவும் செய்கிறேன், அதற்கும் ஒரு கோபம் வருகிறது.

ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கிறது, அண்ணன் கேட்டதை மெஷின் ஒரே படமாகக் கோத்துக்கொண்டிருக்கிறது. நாற்பது சதவீதம். நாற்பத்தொன்று. அதை நிறுத்தவில்லை நான். ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் ஒரு மணிக்கு அண்ணனிடம் பேச வேண்டும். பேசினால் குரல் நடுங்கும். குரல் நடுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும், எனக்குக் கோபம் வந்தாலும் தண்ணீர்தான் வரும், அதைப் பார்த்துவிட்டு, அழுவாதம்மா என்பார்கள், பிறகு நான் சொன்னது எதுவும் சொன்னதாக இருக்காது, ஒரு பெண் அழுதாள் என்றுதான் இருக்கும். என் முகத்துக்கும் நடுவில் எதையாவது வரைந்துகொள்வார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால், ஒனக்கெதுக்கு ஊர்வம்பு என்பாள். பெண் கேட்டு வருகிறவர்களிடம் எங்க சிந்துஜா அதிர்ந்து பேச மாட்டா என்றுதான் அம்மா முதலில் சொல்வாள், படிப்பைக்கூட அப்புறம்தான் சொல்வாள். கை நீட்டுகிற பிள்ளையை எவன் கட்டுவான். வாய் நீளுகிற பிள்ளையையும் கட்ட மாட்டான். அறுபது சதவீதம். ஆனால் அண்ணன் பார்க்கவில்லையே, மேடையில் அவர் கண் போட்டோவில்தான் இருந்திருக்கும், அவருக்குத் தெரியாது, செல்போன் வீடியோவைத்தான் பார்த்திருக்கிறார், ஊரே அதைத்தான் பார்த்திருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்டோ வைத்து அனுப்பினார். இந்த அறுபத்திரண்டையும் ஒருமுறை பார்த்தால் போதும். மெதுவாக்கி, கை மேல் ஒரு வட்டம்கூட வேண்டாம், வெறுமனே மெதுவாக்கி வைத்தால் போதும், யார் பார்த்தாலும் புரிந்துவிடும். ஜனத்துக்குக் கண் இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும் என்று அவரே சொன்னதுதானே. நான் பேசக்கூட வேண்டாம், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். இப்படி நினைத்ததும் மனசு லேசாகிவிடுகிறது. அறுபத்திரண்டை எடுத்துத் தனியாக வைத்து, வினாடிக்கு இருபத்தைந்தாக ஓட விட்டு, அந்த ஓட்டத்தையும் நாற்பது சதவீதத்துக்குக் குறைக்கிறேன். ஆறு வினாடி வருகிறது. ஆறு வினாடி யாராலும் தாங்க முடியாது. நல்லது, தாங்க வேண்டாம்.

ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அண்ணன் வந்துவிடுகிறார், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "முடிஞ்சுதாம்மா?" "அண்ணே, இத ஒருவாட்டி பாருங்க." தட்டுகிறேன். அவர் உட்காராமல், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே பார்க்கிறார். ஆறு வினாடி. முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொல்வார் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். கல்யாண வீடியோவில் ஒரு பூ விழுவதைக்கூட நான்கு தரம் போடச் சொல்கிறவர். அவர் கேட்கவில்லை. "அழிக்கச் சொன்னேன்ல" என்கிறார். "அண்ணே, அவரு கை..." "தெரியும்மா." எனக்குப் புரியவில்லை, அவரைத் திரும்பிப் பார்க்கிறேன். "நான் மேடையில ரெண்டடி தள்ளி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தவன். எனக்கு எதுக்கு ஸ்லோ? அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். அந்த டீச்சருக்குத் தெரியும். கமிட்டில முக்காவாசிப் பேருக்குத் தெரியும்." ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டையால் துடைக்கிறார். "அந்தப் புள்ளைக்கு ரெண்டு வருசம் போயிரும்ணே" என்கிறேன். நடுங்குகிறது, நினைத்த மாதிரியே. "ரெண்டு வருசந்தானே, வயசு கெடக்கு. நாம இந்த ஊருல இருந்தாகணுமா வேணாமா? அவுக வீட்டுல மூணு கல்யாணமும் நாமதான் எடுத்தோம். அடுத்தது அவரு பேத்தி சடங்கு." பிறகு, ரொம்ப அன்பாக, அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை: "நீ பாட்டுக்கு அமைதியா வேலையப் பாக்குற புள்ள சிந்து. அதுக்காகத்தான் ஒன்ன வச்சிருக்கேன். அத அழிச்சிட்டு, கேட்டதக் குடு."

கொடுக்கிறேன். ரெண்டர் முடிந்து தயாராக இருக்கிறது, பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுக்கிறேன். அவர் முன்னாலேயே அழிக்கிற பொத்தானைத் தட்டுகிறேன், சம்மதமா என்று கேட்கிறது, சம்மதம் என்கிறேன். ஆனால் அவர் காலையில் இறங்கிப் போன உடனே என் பையிலிருக்கிற லேப்டாப்பில், அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்த ஆமை லேப்டாப்பில், நான் எல்லா ரஷ்ஷையும் எப்போதும்போல ஒரு பிரதி எடுத்துவிட்டேன். டிஸ்க் போய்விடும் என்ற பயத்தில் முதல் நாளிலிருந்து செய்கிற வேலை, யாரும் சொல்லித் தரவில்லை, யாருக்கும் தெரியாது. அவர் இறங்கிப் போகிறார். நான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரியும். இது என் மண்டைக்குள் இறங்க மறுக்கிறது, ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறது. எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் கண் இல்லாத ஜனம் யார்? நூறிலும் தெரிந்திருக்கிறது, இருபத்தைந்திலும் தெரிந்திருக்கிறது, வெறுங்கண்ணிலும் தெரிந்திருக்கிறது. நான்தான் முட்டாள், பிரேம் பிரேமாக எண்ணிக்கொண்டு, புதையல் எடுத்தவள் மாதிரி, உண்மை எங்கேயோ நடுவில் ஒளிந்திருக்கிறது, அதை மெதுவாக்கிக் காட்டினால் போதும் என்று. ஒளியவே இல்லை. நட்டநடு மேடையில், மாலை வெயிலில், எண்ணூறு பேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் பார்க்காதவர்கள் இல்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள். என்னை மாதிரி. அமைதியாக வேலையைப் பார்க்கிற பிள்ளைகள். அதுக்காகத்தான் ஒன்ன வச்சிருக்கேன். உடம்பெல்லாம் எரிகிறது, காது மடல் எரிகிறது. பையைத் தோளில் மாட்டுகிறேன். மின்விசிறியை அணைக்கிறேன். கழகக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தெரியும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். போய் என்ன சொல்வது என்று தெரியாது.

மூன்று மணிக்கு அங்கே இருபது முப்பது பேர் இருந்தார்கள். எல்லாம் ஆண்கள். தனலெட்சுமி முன்வரிசையில் சுடிதார் போட்டு, தனியாக உட்கார்ந்திருந்தாள். பனியன் இல்லாமல் பார்க்கச் சின்னவளாக இருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, நான் போய் அதில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்து, "நீங்க யாருக்கா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் செயலாளர் லைட்டை அணைத்துவிட்டார். சுவரில் என் வேலை ஓடியது. வழவழவென்று, வெண்ணெய் மாதிரி. அவள் முகத்துக்கு ஜூம் போய்க்கொண்டே இருந்தது, பல் கடித்தது, புருவம் இறங்கியது. "அது என் மூஞ்சி இல்ல" என்றாள் தனலெட்சுமி, சத்தமாக. பின்னால் யாரோ, "பின்ன யாரு மூஞ்சி, எங்க அயித்த மூஞ்சியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ராஜமாணிக்கமும் சிரித்து, "விடுங்கப்பா, சின்னப் புள்ள, தீர்மானத்தப் படிங்க" என்றார். செயலாளர் தாளை எடுத்தார். நான் எழுந்து, லேப்டாப்பைத் திறந்து அவர் மேஜை மேல் வைத்து, புரொஜக்டர் வயரை அவருடையதிலிருந்து பிடுங்கி என்னுடையதில் சொருகினேன்.